சம்பளம் ஏறியும் அமெரிக்கக் குடும்பங்களுக்கு ஏன் இவ்வளவு கவலை?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வேலையின்மை குறைவாகவே இருக்கிறது, சம்பளம் ஏறியிருக்கிறது, பங்குச் சந்தை உச்சத்தில் இருக்கிறது. ஆனாலும் எந்தக் கருத்துக்கணிப்பை எடுத்தாலும் சாதாரண மக்கள் கவலையோடுதான் பேசுகிறார்கள். இது வெறும் மனநிலையா, நிஜமாகவே பிரச்சினை இருக்கிறதா? 2008 மாதிரி மறுபடியும் வீட்டு விலை சரியுமா?

நிஜமாகவே பிரச்சினை இருக்கிறது. ஒரு குடும்பத்தின் மாதத்தைத் தீர்மானிக்கும் பெரிய செலவுகளை எடுத்துப் பாருங்கள்: வீடு, வீட்டு இன்சூரன்ஸ், மருத்துவ இன்சூரன்ஸ், கார், குழந்தைக் காப்பகம். இவற்றில் எதன் விலையும் அந்தக் குடும்பத்தின் கையில் இல்லை. மளிகையில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம், வெளியே சாப்பிடுவதை நிறுத்தலாம். பிரீமியத்தை இழுத்துப் பிடிக்க முடியாது. அதோடு, 2022-க்கு முன்னால் வீடு வாங்கியவர்கள், அதற்கப்புறம் வாங்க வந்தவர்கள் என்று ஒரே தெருவில் இரண்டு பொருளாதாரம் உருவாகிவிட்டது. சராசரிக் கணக்கில் இது தெரியாது.

நான் டாலஸ் பக்கத்தில் இருக்கிறேன், கணக்குத் துறையில் வேலை. ஒவ்வொரு வருடமும் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிக்கணக்கு போட்டுக் கொடுக்கும் அரசுத் திட்டத்தில் தொண்டராக, நூலகத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். பள்ளிப் பேருந்து ஓட்டுநர், முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர், ஊபர் ஓட்டுபவர் என்று பலரும் காகிதங்களை ஒரு கவரில் போட்டு எடுத்து வருவார்கள். ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கீழே சொல்லும் ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் இந்த "மனநிலை" விஷயத்தை முடித்துவிடலாம். மிச்சிகன் பல்கலைக்கழகம் பல பத்தாண்டுகளாக நுகர்வோர் மனநிலையை அளந்து வருகிறது. 2022 ஜூனில் அந்தக் குறியீடு 50-க்கு விழுந்தது. அதன் வரலாற்றில் அதுவரை வராத அளவு. அந்த மாதம் வேலையின்மை 3.6 சதவீதம்தான், ஆனால் பணவீக்கம் 9.1. நாற்பது வருடத்தில் காணாத பணவீக்கம் அது. பிறகு அது 3 சதவீதத்துக்கு இறங்கியதும் பொருளாதார வல்லுநர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கடைக்குப் போனவருக்கு அந்த நிம்மதி இல்லை. பணவீக்கம் இறங்கினால் விலை ஏறும் வேகம்தான் குறையும். ஏறிய விலை ஏறியபடியே நிற்கும். 2020 தொடக்கத்தோடு ஒப்பிட்டால் 2025 முடிவில் பொதுவான விலைவாசி கால்வாசிக்கு மேலாகக் கூடியிருக்கிறது. சம்பளமும் ஏறக்குறைய அந்த அளவுக்கு ஏறியது என்பது சராசரி. உங்கள் சம்பளம் ஏறியதா என்பது நீங்கள் எந்தத் தொழிலில், எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டெக்சஸ் உட்படப் பல மாநிலங்களில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி இன்னும் மணிக்கு 7.25 டாலர்தான். 2009 ஜூலைக்கு அப்புறம் அதை யாரும் தொடவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். எல்லாக் கவலைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் கடன் 30 வருடத்துக்கு, ஒரே வட்டியில். சந்தை வட்டி ஏறினாலும் உங்கள் வட்டி ஏறாது. இறங்கினால் பழைய கடனை அடைத்து புதுசாக வாங்கிக்கொள்ளலாம். வாங்குபவருக்கு இவ்வளவு சாதகமான ஏற்பாடு உலகில் வேறெங்கும் அரிது. 2021 ஜனவரியில் இந்த வட்டி சராசரியாக 2.65 சதவீதம் வரை இறங்கியது. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை ஏற்ற ஆரம்பித்ததும், 2023 அக்டோபரில் 7.79-ஐத் தொட்டது.

4 லட்சம் டாலர் வீடு ஒன்று, ஐந்தில் ஒரு பங்கு முன்பணம், மீதி 3,20,000 கடன் என்று வைத்துக்கொள்வோம். 3 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 1,350 டாலர். அதே கடன் 7 சதவீதத்தில் சுமார் 2,130. அதே வீடு, அதே விலை, மாதம் 780 டாலர் வித்தியாசம், 30 வருடத்துக்கு. நிஜத்தில் விலையும் அதே இடத்தில் நிற்கவில்லை. 2019-இல் பழைய வீடுகளின் இடைநிலை விலை 2,70,000 டாலர் அளவில் இருந்தது, 2024-இல் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

வட்டி ஏறினால் விலை இறங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏன் இறங்கவில்லை என்றால், 3 சதவீதக் கடன் வைத்திருப்பவர் வீட்டை விற்கமாட்டார். விற்றால் அடுத்த வீட்டுக்கு 7 சதவீதத்தில் கடன் வாங்க வேண்டும். பிள்ளைகள் கிளம்பிப் போனபின் பெரிய வீடு தேவையில்லாதவர்கூட அங்கேயே இருக்கிறார். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்கிறார். 2024-இல் கைமாறிய பழைய வீடுகள் சுமார் 40 லட்சம்தான், 1995-க்குப் பிறகு மிகக் குறைவு. சந்தைக்கு வீடே வராதபோது விலை எப்படி இறங்கும்? 2025-இல் முதல் வீடு வாங்கியவர்களின் இடைநிலை வயது 40 என்று ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசிய சங்கம் கணக்கிட்டது. வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவர்தான் முதல்முறை வாங்குபவர்.

அப்படியானால் முன்பே வாங்கியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்களா? அதுவும் முழுசாக இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒருவரும், பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் அவர் மனைவியும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். வரி வேலை முடிந்ததும் அவர் வங்கிக் கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "எங்கள் கடன் ஃபிக்ஸட் வட்டிதானே, தவணை மட்டும் எப்படி 300 டாலருக்கு மேல் ஏறும்?" என்று கேட்டார். வங்கி ஏதோ ஏமாற்றுகிறது என்பது அவர் சந்தேகம்.

கடிதத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாகச் சேர்ந்து படித்தோம். அசலும் வட்டியும் உள்ள முதல் வரியில் ஒரு சென்ட் மாறவில்லை. அதற்குக் கீழே "எஸ்க்ரோ" என்று ஒரு வரி. சொத்து வரியையும் வீட்டு இன்சூரன்ஸையும் வங்கியே மாதாமாதம் தவணையோடு வசூலித்து வைத்துக்கொண்டு, வருடத்துக்கொரு முறை கட்டும் கணக்கு அது. போன வருடம் இன்சூரன்ஸ் புதுப்பித்தபோது பிரீமியம் எகிறியது. வங்கி வசூலித்ததைவிட அதிகமாகக் கட்ட வேண்டி வந்தது. அந்தப் பற்றாக்குறையை அடுத்த 12 மாதத்துக்குப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். அது போதாதென்று, வரும் வருடத்துக்கான வசூலையும் புது பிரீமியத்தின்படி கூட்டியிருக்கிறார்கள். ஒரே கடிதத்தில் இரண்டு ஏற்றம். ஏமாற்று எதுவும் இல்லை, எல்லாம் விதிப்படிதான். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. ஏமாற்று என்றால் சண்டை போட ஒரு வழியாவது இருந்திருக்கும்.

வட டெக்சஸில் வசந்த காலம் வந்தால் ஆலங்கட்டி மழை. கோல்ஃப் பந்து அளவில் விழும், கூரை ஓட்டையாகும். இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றியது ஒருபக்கம். காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் வீட்டுக்காரர் முதலில் கையிலிருந்து போட வேண்டிய தொகையை, வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதம் என்று மாற்றிவிட்டது இன்னொரு பக்கம். 3,50,000 டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டில் 2 சதவீதம் என்றால் 7,000 டாலர். அதை முதலில் இவர் போட்டால்தான் கம்பெனி மீதியைத் தரும். சரி, இன்சூரன்ஸே வேண்டாம் என்று விட முடியுமா? கடன் இருக்கும்வரை முடியாது. விட்டால் வங்கி தானே ஒரு பாலிசியை எடுத்து, அதைவிட அதிக விலைக்கு உங்கள் தலையில் கட்டும். ஃபுளோரிடாவில் புயலால் இதே கதை. கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயால்; அங்கே ஸ்டேட் ஃபார்ம் 2023 மே மாதமே புதிய வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது, லாஸ் ஏஞ்சலஸ் தீ வருவதற்கு ஒன்றரை வருடம் முன்னால்.

வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் கஷ்டம். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போனால் அதைச் சுமை என்று இங்கே கணக்கிடுவார்கள். ஹார்வர்டின் வீட்டு ஆய்வு மையக் கணக்குப்படி 2022-இல் வாடகைக் குடும்பங்களில் பாதி, அதாவது 2 கோடியே 24 லட்சம் குடும்பங்கள், அந்தக் கோட்டைத் தாண்டியவை. அரசின் வாடகை உதவிக்குத் தகுதியுள்ளவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் அது கிடைக்கிறது. மீதிப் பேருக்கு வருடக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். டெக்சஸில் வாடகை பாக்கி விழுந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, மூன்று நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கில் வீடில்லாதவர்கள் 7,71,480 பேர், முந்தைய வருடத்தைவிட 18 சதவீதம் அதிகம். அந்தக் கணக்கில் குழந்தைகளோடு இருக்கும் குடும்பங்களும் அடக்கம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அரசியல் இங்கேதான் நுழைகிறது, வாஷிங்டனிலிருந்து அல்ல, உள்ளூர் நகர சபையிலிருந்து. எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது நகரங்களின் சோனிங் சட்டம். 1926-இல் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை உறுதி செய்தது. அதற்கப்புறம் பெரும்பாலான ஊர்களில் குடியிருப்பு நிலத்தின் பெரும் பகுதியில் ஒரு மனைக்கு ஒரு வீடு மட்டும்தான் என்று எழுதி வைத்துவிட்டார்கள். யாராவது ஒரு அபார்ட்மென்ட் கட்ட அனுமதி கேட்டால், வார நாளில் மாலை ஏழு மணிக்குப் பொது விசாரணை நடக்கும். அப்படிப்பட்ட கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பேச வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற வீட்டுக்காரர்கள். டிராஃபிக், பள்ளியில் நெரிசல், வீட்டு மதிப்பு என்று பேசுவார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்த வீடுதான் அவர்களின் ஒரே சேமிப்பு. ஆனால் அந்த அபார்ட்மென்ட்டில் குடிவரப்போகும் நர்ஸ் உதவியாளர் அந்த அறையில் இல்லை. அவர் இன்னும் அந்த ஊருக்கே வரவில்லை, அங்கே அவருக்கு ஓட்டும் இல்லை.

டெக்சஸில் ஒரு பழைய விதி இருந்தது. 200 அடிக்குள் இருக்கும் நிலத்தில் 20 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் எதிர்ப்பு எழுதிக் கொடுத்தால் போதும், நகர சபையில் நாலில் மூன்று பங்கு ஓட்டு இல்லாமல் திட்டம் நகராது. 2025-இல் மாநில சட்டசபை வீடு கட்டும் திட்டங்களுக்கு அந்த வரம்பை 60 சதவீதமாக உயர்த்தியது. பெரிய நகரங்களில் கடை, அலுவலகம் இருக்கும் நிலங்களில் அபார்ட்மென்ட் கட்டவும், புது மனைப் பிரிவுகளில் சின்ன மனைகள் போடவும் வழிவிட்டது. குடியரசுக் கட்சியின் கையில் இருக்கும் சபை செய்த வேலை இது. அதற்கு முன்னாலேயே ஜனநாயகக் கட்சி ஆளும் ஆஸ்டின் நகரம் 2023-இல், கட்டிடத்தோடு இத்தனை பார்க்கிங் இடம் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டது, ஒரு மனையில் மூன்று வீடு வரை கட்டலாம் என்றது. கோவிட் காலத்தில் ஆஸ்டின் வாடகை தாறுமாறாக ஏறியது. அதைப் பார்த்து அங்கே ஆயிரக்கணக்கில் அபார்ட்மென்ட்கள் எழுந்தன, வாடகை உச்சத்திலிருந்து 15 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. சட்டம் மாறியதால் மட்டும் வந்த இறக்கம் என்று சொல்லமாட்டேன், கட்டிடங்கள் பல அதற்கு முன்பே ஆரம்பித்தவை. ஆனால் வீடு நிறைய வந்தால் வாடகை இறங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தேவையில்லை.

அடுத்து மருத்துவம். எனக்கு இப்போது அதிகக் கவலை தரும் விஷயம் இது. கம்பெனி வழியாகக் கிடைக்கும் குடும்ப இன்சூரன்ஸின் முழு விலை 2025-இல் சராசரியாக வருடத்துக்கு 27,000 டாலரைத் தொட்டது. தொழிலாளி சம்பளத்திலிருந்து நேராகப் பிடிப்பது சுமார் 6,850 டாலர். மீதியை முதலாளி கட்டுகிறார் என்று சொன்னாலும், சம்பள உயர்வாக வந்திருக்க வேண்டிய பணம்தான் அது.

கம்பெனி இன்சூரன்ஸ் இல்லாதவர்கள், தனிநபர்கள் அரசு மானியத்தோடு மருத்துவ இன்சூரன்ஸ் வாங்கும் ஒபாமாகேர் சந்தையில் வாங்குகிறார்கள், 2025-இல் சுமார் 2 கோடியே 40 லட்சம் பேர். 2021-இல் கூட்டிக் கொடுத்த மானியத்தால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஒரு நடுத்தரப் பாலிசிக்கு அதில் 8.5 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டாம் என்ற நிலை இருந்தது. 2025 முடிவோடு அது காலாவதியாகிவிட்டது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையில்தான் அந்த அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அரசாங்கமே மூடிக் கிடந்தது. நடுவில் 4 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நம்பியிருக்கும் உணவு உதவிப் பணமும் தடைபட்டது. இவ்வளவும் நடந்து, மானியம் நீடிக்கவில்லை.

2026-க்கான கணக்கில் மானியம் கிடைக்க வருட வருமான எல்லை தனியாள் ஒருவருக்கு 62,600 டாலர், கணவன் மனைவிக்கு 84,600. ஒரு டாலர் தாண்டினாலும் மானியம் பூஜ்யம். 60 வயதுத் தம்பதி 85,000 சம்பாதித்தால், முன்பு வருடத்துக்கு 7,200 டாலர் அளவில் கட்டியிருப்பார்கள்; இப்போது பல மாநிலங்களில் 20,000-க்கு மேல். கீழ்ப்பக்கம் இன்னொரு ஓட்டை. ஏழைகளுக்கான மெடிக்கெய்டை விரிவாக்க டெக்சஸ் உட்படப் பத்து மாநிலங்கள் மறுத்துவிட்டன. அதனால் பிள்ளை இல்லாத, உடல் ஊனம் இல்லாத ஒருவர் இங்கே வருடம் 15,000 டாலர் சம்பாதித்தால் மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. நாட்டிலேயே இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் விகிதம் அதிகம் உள்ள மாநிலம் டெக்சஸ் என்பதில் ஆச்சரியமில்லை.

மானியம் மாதாமாதம் முன்கூட்டியே, உத்தேச வருமானத்தை வைத்துக் கொடுக்கப்படுகிறது. ஊபர் ஓட்டுபவருக்கும் முடிவெட்டுபவருக்கும் வருட வருமானம் டிசம்பர் முடிந்தால்தான் தெரியும். உத்தேசம் தப்பினால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகைக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கு இதுவரை ஒரு உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், 2026 வருமானத்திலிருந்து அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டது. இதன் விளைவு 2027 வசந்த காலத்தில்தான் எங்கள் மேசைக்கு வரும். கூடுதல் ஷிஃப்ட் பார்த்ததற்காக ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டுங்கள் என்று ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். இப்போதே வருபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: வருமானம் கூடினால் டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள், உடனே சந்தையின் வலைத்தளத்தில் போய் மாற்றுங்கள்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். 4 லட்சம் பேர் இருக்கும் ஆர்லிங்டனில், டாலஸுக்குப் பக்கத்திலேயே, வழக்கமான பேருந்து சேவை கிடையாது. கார் கெட்டால் வேலையும் போகும். புதுக் காரின் சராசரி விலை 2025 செப்டம்பரில் 50,000 டாலரைத் தாண்டியது. கிரெடிட் கார்டு வட்டி 20 சதவீதத்துக்கு மேல். கோவிட் காலத்தில் நிறுத்தி வைத்த கல்விக் கடன் தவணைகள் 2023 இலையுதிர் காலத்தில் திரும்பி வந்தன. 2025 ஏப்ரலில் அறிவித்த இறக்குமதி வரிகள் பல பொருட்களின் விலையில் ஏறின. 400 டாலர் திடீர்ச் செலவு வந்தால் கையிருப்பிலிருந்து கட்ட முடியும் என்று சொல்பவர்கள் 63 சதவீதம் என்கிறது ஃபெட் நடத்தும் ஆய்வு. மீதி 37 சதவீதத்தினர் கடன் வாங்குவார்கள், எதையாவது விற்பார்கள், இல்லையென்றால் கட்டமாட்டார்கள்.

இத்தனை கோபம் இருந்தும் அரசியலில் ஏன் தீர்வாக மாறவில்லை? ஆட்சி மாறத்தான் செய்கிறது. விலைவாசிக் கோபத்தில் 2024-இல் ஜனநாயகக் கட்சி தோற்றது. அடுத்த வருடமே நியூயார்க்கில் வாடகையை உறைய வைப்பேன் என்ற வாக்குறுதியோடு அதே கட்சியின் ஸோஹ்ரான் மம்தானி மேயர் தேர்தலில் வென்றார். ஆனால் நாடாளுமன்றத் தொகுதிகளில் பெரும்பாலானவை ஒரே கட்சியின் கோட்டைகள். 2025 கோடையில் டெக்சஸ், குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடக் கிடைக்கும்படி பத்தாண்டுக்கு ஒருமுறை வரையும் தொகுதிகளை இடையிலேயே மாற்றி வரைந்தது. பதிலுக்கு கலிஃபோர்னியா நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தித் தன் வரைபடத்தை மாற்றியது. பொதுத் தேர்தலில் தோற்கும் பயமில்லாத உறுப்பினர் தன் கட்சியின் தீவிர ஆதரவாளர்களைத்தான் பார்ப்பார். பேருந்து ஓட்டுநரின் எஸ்க்ரோ கடிதம் அவர் மேசைக்கு வராது. என் கோபம் இரண்டு கட்சிகள் மீதும்தான்.

இனி 2008. அந்த மாதிரி சரிவு வர வாய்ப்பு குறைவு என்பது என் கருத்து. அன்று வருமானத்தைச் சரிபார்க்காமல், இரண்டு மூன்று வருடத்தில் வட்டி எகிறும் கடன்களைக் கொடுத்தார்கள். தவணை ஏறியதும் மொத்தமாக விழுந்தது. இன்று பெரும்பாலான கடன் நிலையான வட்டியில் இருக்கிறது. திருப்பிக் கட்ட முடியுமா என்று வங்கி பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களில் பத்துக்கு நாலு பேருக்குக் கடனே இல்லை. அன்று வீடு அளவுக்கு மீறிக் கட்டப்பட்டது, இன்று போதவில்லை. 2005-இல் 20 லட்சத்துக்கு மேல் வீடுகள் கட்ட ஆரம்பித்த நாடு, 2009-இல் 5,54,000-க்குச் சுருங்கியது. அந்தப் பத்தாண்டில் கட்டாமல் விட்டதன் பாக்கியைத்தான் இன்றைய இளைஞர்கள் கட்டுகிறார்கள்.

விலை பல வருடம் பெரிதாக ஏறாமல் இறங்காமல் நின்று, சம்பளம் மெல்ல எட்டிப்பிடிப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 2025 முடியும்போது கடன் வட்டி 6 சதவீதத்துக்குச் சற்று மேலே வந்துவிட்டது, அது கொஞ்சம் உதவும். விதிவிலக்காக நான் பயப்படுவது இன்சூரன்ஸ் கிடைக்காத பகுதிகளைப் பார்த்து. பாலிசி இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது. கடன் கிடைக்காத வீட்டை ரொக்கம் வைத்திருப்பவர் மட்டும்தான் வாங்க முடியும். ஃபுளோரிடா கடற்கரையில் பழைய அடுக்குமாடிகளின் விலை ஏற்கெனவே இறங்குகிறது. இங்கே வீடு வாங்க நினைப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் விலையை எழுத்தில் வாங்குங்கள். சொத்து வரியையும் இப்போதைய வீட்டுக்காரர் கட்டுவதை வைத்துப் பார்க்காதீர்கள், நீங்கள் கொடுக்கப்போகும் விலைக்குப் போட்டுப் பாருங்கள்.